வயலை விட்டவர்கள் ஏன் ஆலைக்குப் போகவில்லை?

தம்பலகாமத்தான் (கேள்வி):
உயர்தரத்துக்குப் பொருளியல் படிக்கிறேன். விவசாயத்தில் மிகையாக இருக்கும் உழைப்பு தொழிற்சாலைக்குப் பெயரும், அப்படித்தான் நாடு வளரும் என்று ஆர்தர் லூயிஸ் 1954இல் எழுதியதைப் படிப்பித்தார்கள். எங்கள் ஊரில் வெட்டு மெசின் வந்த பிறகு அருவி வெட்ட ஆள் தேடுவாரில்லை. ஆனால் வயலை விட்டவர்கள் ஓட்டோ ஓட்டுகிறார்கள், இல்லையேல் கட்டாரில் நிற்கிறார்கள். திருகோணமலைச் சீனக்குடாவில்தான் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இருக்கின்றனவே, பிறகு ஏன் இப்படி?

பழைய கணக்குப்பிள்ளை:
தம்பி, அந்த ஆலைகளுக்குள் என்ன போகிறது என்று பாருங்கள். பிரிமா மா ஆலையில் அரைபடுவது கோதுமை. அது நம் வயலில் விளைவதில்லை, கப்பலில் வருகிறது. அரைத்துச் சீமெந்தாக்கும் மூலப்பொருளான கிளிங்கரும் கப்பலில்தான். அவற்றை இங்கே இழுத்தது ஆழமான துறைமுகம். தம்பலகாமத்து நெல்லுக்கும் அவற்றுக்கும் கொடுக்கல் வாங்கல் குறைவு. போதாததற்கு, இரண்டிலும் பெரும்பகுதி வேலையை இயந்திரமே செய்துவிடுகிறது. லூயிஸ் மனதில் வைத்திருந்தது கைகளைக் கேட்கும் தொழில்.

வயலோடு ஒட்டிய ஆலை என்றால் கந்தளாய்ச் சீனி ஆலைதான். கரும்புக்காரன், வெட்டுக்காரன், லொறிக்காரன் என்று ஒரு ஊரே அதை நம்பியிருந்தது. 1990களில் மூடினார்கள். இப்போது அங்கே போய்ப் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கணக்கெழுதிய அரிசி ஆலையின் பின்புறம் உமி மலைபோலக் குவிந்து கிடக்கும். இலவசமாகக் கொடுத்தாலும் கொண்டுபோக ஆளில்லை. பிறகு சீமெந்து ஆலையின் மின்நிலையத்துக்கு எரிக்க உமி வேண்டும் என்றார்கள். முதலாளி அன்றே உமிக்குத் தனிக் கொப்பி போடச் சொன்னார். வயலுக்கும் ஆலைக்கும் இடையே நான் கண்ணால் கண்ட பாலம் அந்த ஒரு கொப்பிதான்.

மூதூர்க்காரி:
ஐயா சொன்ன கைகளைக் கேட்கும் தொழில் நம் மாவட்டத்தைத் தேடி வரவில்லை, நாங்கள்தான் அதைத் தேடிப் போனோம். கட்டுநாயக்காவில் 1978இலேயே ஏற்றுமதி ஆலைகளுக்கான சுதந்திர வர்த்தக வலயம் திறந்துவிட்டார்கள். பக்கத்திலேயே விமான நிலையம், கொழும்புத் துறைமுகமும் தூரமில்லை. இங்கே அடுத்து வந்தது யுத்தம். நான் போனது அதெல்லாம் முடிந்த பிறகு. கொலர் தைக்கும் வரிசையில் இருந்தேன். மணிக்கு இத்தனை என்று பலகையில் எழுதியிருப்பார்கள். குறைந்தால் மேற்பார்வையாளர் பின்னால் வந்து நிற்பார். போர்டிங் அறையில் பாய் விரித்தால் நடக்க வழி இருக்காது. ஆனாலும் மாதம் முடிந்தால் சம்பளம் கையில் வரும். வாப்பாவின் வேளாண்மையில் மழை பிழைத்தால் கடன்தான் மிச்சம். தம்பி ஓட்டோக்காரரை மட்டும் எண்ணுகிறார். வயலிலிருந்து ஆலைக்குப் போனது பெண் பிள்ளைகள், அதுவும் கலியாணம் வரைக்கும்தான்.

தம்பலகாமத்தான்:
நன்றி அக்கா. அப்படியானால் தென் கொரியாவில் மட்டும் எப்படி நடந்தது?

பழைய கணக்குப்பிள்ளை:
அங்கே 1960களின் தொடக்கத்தில் பத்தில் ஆறு பேர் விவசாயத்தில். 1990இல் இரண்டு பேர்கூட இல்லை. 1960களுக்கு முன்பே குத்தகைக்காரருக்குக் காணி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஏற்றுமதி செய்து காட்டிய கம்பனிக்குத்தான் மலிவுக் கடன். பங்களாதேஷின் தேஷ் நிறுவனம் 1979இல் கொரியாவின் தேவூவோடு சேர்ந்து ஏறத்தாழ 130 பேரைத் தையல் பழக அங்கே அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் பின்னர் அந்த நாட்டின் ஆடைத் தொழில் பரவக் காரணமானார்கள். நாம் பிள்ளைகளைக் கட்டாருக்கு அனுப்புகிறோம்; வருவது பணம், தொழில் வருவதில்லை.

நம் நாட்டில் உழைப்பவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இன்னும் விவசாயத்தில். தேசிய வருமானத்தில் அதன் பங்கோ பத்தில் ஒன்றுக்கும் குறைவு. வயலை விட்டவர்களைச் சேவைத்துறை விழுங்கிவிடுகிறது. ஆலைகள் வளருமுன்பே நாடுகள் தொழில்மயக் கட்டத்தைத் தாண்டிச் சேவைத்துறைக்குப் போய்விடுவதைப் பொருளியலாளர் டானி ரொட்ரிக் விரிவாக எழுதியிருக்கிறார். பரீட்சையில் லூயிஸ் வந்தால் ரொட்ரிக்கையும் ஒரு பந்தி சேர்த்து எழுதுங்கள். உமிக் கதையை எழுத வேண்டாம், புள்ளி தரமாட்டார்கள்.