அம்மா தொட்டதுமே சொன்ன திருக்க தோலு

ஃப்ரெண்டு ஒருத்தன் பேங்காக் போயிட்டு வந்து ஒரு பர்ஸ் குடுத்தான். கருப்பா, மேல பூரா கேழ்வரகு ஒட்டுன மாதிரி பொடிப்பொடியா மணி, நடுவுல மட்டும் வெள்ளையா ஒரு முத்து. நான் பிளாஸ்டிக்னுதான் நெனச்சேன். அம்மா காசிமேட்ல இருவது வருஷத்துக்கு மேல மீன் வித்தவங்க, கட்டவிரலால ஒரு தடவ தேச்சுப் பாத்துட்டு "இன்னாடா இது, திருக்க முதுகுத் தோலு மாரி கீது"ன்னாங்க. அதேதான்!

நாங்க அந்தத் தோல உரிச்சு செவுளு கொடலோட சேத்து வீசிட்டுதான் இருந்தோம். அன்னிக்கு நைட்டு பூரா உக்காந்து படிச்சேன். அந்த மணி, நம்ம பல்லு எதால ஆனதோ அதே சரக்குதானாம், அதான் கத்தியே வழுக்குது. சாமுராய் வாளோட கைப்பிடில மொதல்ல இந்தத் தோல ஒட்டிட்டுதான் மேல பட்டுக்கயிறு சுத்துவாங்க, சொரசொரன்னு இருக்கறதால கயிறு நகராது, கை வேர்த்தாலும் பிடி நழுவாது, இதுக்குன்னே 17ஆம் நூற்றாண்டுல சயாம்லேர்ந்து, அதான் இப்ப தாய்லாந்து, ஜப்பானுக்கு கப்பல்ல தோலு போயிருக்கு. பிரான்ஸ்ல பதினஞ்சாம் லூயி காலத்துல கலுஷான்னு ஒரு தோல் வேலைக்காரர், மணிய வழவழன்னு தேச்சு பொட்டி, உறைக்கெல்லாம் போத்துனாரு. இன்னிக்கும் பிரெஞ்சுல இந்தத் தோலுக்கு அவர் பேருதான்.

திருக்க வாலுல இருக்கற முள்ளு வேற கத. எங்க பெரியப்பாவுக்கு கால்ல திருக்க முள்ளு குத்தி அவரு கத்துன கத்து இன்னும் காதுல இருக்கு, சுடுதண்ணில கால வெச்சப்பறம்தான் கொஞ்சம் அடங்குச்சு. அதே முள்ள, மத்திய அமெரிக்காவுல அந்தக் காலத்துல இருந்த மாயா ராஜாங்க தன் ஒடம்புலயே குத்தி ரத்தத்த சாமிக்கு குடுத்தாங்கன்னு படிச்சப்ப சிலுத்துப்போச்சு.

போன வாரம் ஒரு பெரிய திருக்க தோல கேட்டு வாங்கியாந்து உப்பு தடவி மொட்டமாடில காயப்போட்டேன். பலக மாதிரி வெறச்சிருச்சு, ஆனா நடு முத்து அப்படியே நிக்குது. பதம் பண்ணத் தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, கத்துக்கணும்.

---

மேல இருக்கற திருக்க தோலு கதைய படிச்சிட்டு திருவொத்தியூர்லேர்ந்து எழுதுறேன். எங்க தாத்தா வீட்ல சாமி படத்துக்குப் பக்கத்துல வேளா மீன் கொம்பு ஒன்னு இருந்துச்சு, ரம்பம் மாதிரி ரெண்டு பக்கமும் பல்லு. அதுவும் திருக்க சாதிதான். வெள்ளிக்கெழமன்னா ஆயா மஞ்சள் தடவி பொட்டு வெப்பாங்க. காலேஜ்ல பட்டினப்பாலை நடத்தறப்ப, பரதவங்க சுறாக்கொம்ப நட்டு சாமியா கும்புட்டாங்கன்னு வாத்தியார் சொன்னாரு, எனக்கு நேரா எங்க வீட்டு செவுருதான் கண்ணுல வந்துச்சு. 2001லேர்ந்து வேளா மீன வனவிலங்கு சட்டத்துல சேத்துட்டாங்க, புடிக்கக் கூடாது. அந்தக் கொம்புக்குரிய மீன முழுசா நான் ஒருநாளும் பாத்தது இல்ல.