"கடைசியில யாராவது செத்துடுவாங்களா?"

மழைக்குருவி:

குயர் திரைப்பட விழாவில் லெஸ்பியன் படம் பார்த்தவர்கள் எழுதலாம் என்றீர்கள். என் கதை இது.

மத்தியானக் காட்சி, சின்ன அரங்கு, பாதி காலி. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத சுயாதீனப் படம். முதல் அரைமணி நேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒருத்தி வீட்டைக் காலி செய்கிறாள், இன்னொருத்தி சாமான் கட்ட உதவுகிறாள். போர்வையின் நான்கு முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து மடிக்கிறார்கள். மடிக்க மடிக்க நெருங்கி வந்து, விரல் தொட்டதும் அப்படியே நிற்கிறார்கள். இசை கிடையாது. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை.

அப்போதுதான் பக்கத்து இருக்கையிலிருந்த, அறுபதைத் தாண்டிய அம்மா என் பக்கம் சாய்ந்தார். "ஏம்மா, கடைசியில யாராவது செத்துடுவாங்களா?"

சிரிப்பு வந்தது. ஆனால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருத்தி சாலையைக் கடந்தால் லாரி வருமோ, தும்மினால் நோயோ என்று. இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக அமலான தணிக்கை நெறி, தன்பாலீர்ப்பைத் திரையில் காட்டவே விடவில்லை. 1961இல் அது கொஞ்சம் தளர்ந்ததும் வந்த 'தி சில்ட்ரன்ஸ் ஹவர்' படத்தில், தோழிமீது காதல் என்று ஒப்புக்கொள்பவள் தூக்கில் தொங்குகிறாள். 1985இல் வந்த 'டெசர்ட் ஹார்ட்ஸ்' சாவில் முடியாததையே இன்றும் பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள் என்றால் பாருங்களேன்.

அன்று நான் பார்த்த படத்தில் யாரும் சாகவில்லை. ஒருத்தி பேருந்தைத் தவறவிடுகிறாள், அவ்வளவுதான். விளக்கு எரிந்ததும் அந்த அம்மா "அப்பாடா" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி, "அந்தப் போர்வை இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். இயக்குநர் சிரித்துவிட்டார். பொருள் வாடகைக்குப் பணமில்லாமல் தன் வீட்டுக் கட்டிலிலிருந்து எடுத்து வந்ததாம். இப்போதும் அதில்தான் தூங்குகிறாராம்.

கடைசி வரிசை:

நான் விழாக்களில் தன்னார்வலராக வேலை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நேரத்துக்குப் படம் ஓடவே இல்லை. திரையரங்குக்கு வரும் டிசிபி கோப்பு, அதாவது படத்தின் டிஜிட்டல் பிரதி, பல சமயம் பூட்டியே வரும். அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி, குறிப்பிட்ட கருவியில், குறித்த நேரத்துக்குள் மட்டும்தான் வேலை செய்யும். நேர வித்தியாசத்தை யாரோ தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள். புதுச் சாவி வருவதற்குள் நாற்பது நிமிடம். கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். ஆனால் தனித்தனியாக வந்தவர்கள் பக்கத்திலிருப்பவரிடம் பேச ஆரம்பித்தார்கள். வழக்கமாக விளக்கு அணைந்த பிறகே உள்ளே நுழைந்து, எரிவதற்குள் கிளம்பிவிடும் இரண்டு பேர் அன்று வெளிச்சத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். படம் சுமார்தான், அது வேறு விஷயம்.

வாசல்படி:

நான் டிக்கெட் வாங்கி, வாசல்வரை போய்த் திரும்பியவள். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்று கால் நகரவில்லை. அவர்களும் உள்ளேதானே இருப்பார்கள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது! மழைக்குருவி, பேருந்தைத் தவறவிட்டவள் அப்புறம் என்ன செய்கிறாள்?

மழைக்குருவி:

சொல்ல மாட்டேன். மறுபடி எங்கேயாவது போட்டால் சேர்ந்தே போவோம், ஓர இருக்கை உங்களுக்கு.