கரினா நெபுலா ஓவியம்: நீலமும் செம்மஞ்சளும் சேரும் இடம் கலங்குகிறது, உதவுங்கள்

கல்லடி தூரிகை:
வணக்கம். ஒருவர் தன் வீட்டு முன்னறைக்கு 4 அடிக்கு 3 அடியில் படம் ஒன்று கேட்டிருக்கிறார். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2022 யூலையில் வெளியான கரினா நெபுலா (விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகம்) படம்தான் மாதிரி. மேலே நீலம், கீழே மலைத்தொடர்போல செம்மஞ்சள் தூசி. அக்ரிலிக்கில் செய்கிறேன். இரண்டும் சந்திக்கிற விளிம்பில்தான் ஒளி வர வேண்டும், அங்கேயே மண்ணிறமாகக் கலங்கிப் போகிறது. வறண்ட கச்சான் காற்றுக்கு பெயின்ட் பூசின கையோடு காய்வதால் இழைத்துச் சேர்க்கவும் முடியவில்லை. "இதெல்லாம் உண்மையான நிறமா?" என்றும் அவர் கேட்கிறார். என்ன சொல்ல?

அக்கரைப்பற்று அண்ணன்:
நீலமும் செம்மஞ்சளும் எதிர் நிறங்கள், தங்கச்சி. ஈரத்தில் சந்தித்தால் மண்ணிறம்தான். முதலில் நீலத்தை முடித்துக் காய விடுங்கள். விளிம்பு நெடுக காய்ந்த ஸ்பொஞ்சால் வெள்ளையை மெல்லிசாக ஒற்றுங்கள். அதுவும் காய்ந்த பிறகு, ஒளி ஊடுருவுகிற செம்மஞ்சளை கிளேசிங் மீடியத்தில் (பெயின்டை மெல்லிசாக்கும் தெளிந்த கலவை) கரைத்து, படை படையாகப் பூசுங்கள். அடியில் இருக்கிற வெள்ளைதான் ஒளியாகத் தெரியும். வெறும் தண்ணீரை அதிகம் சேர்த்தால் பெயின்டின் பிடிப்புக் குறையும். இந்த முறைக்குக் கச்சான் காற்று நல்ல துணை. இருட்டுக்கு டியூப் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ட் அம்பர் மண்ணிறமும் கலந்து பாருங்கள், ஆழம் வரும்.

காத்தான்குடி வானம்:
நிறத்துக்கு வருகிறேன். வெப் பார்ப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை. பல வடிகட்டிகளில் எடுத்த படங்களில் குறுகிய அலைநீளத்துக்கு நீலமும் நீண்டதற்குச் சிவப்பும் கொடுத்துச் சேர்க்கிறார்கள். நிறம் மனிதர் கொடுத்தது, அலைநீளங்களின் அந்த வரிசை வானத்தில் உள்ளது. அவரிடம் அப்படியே சொல்லுங்கள், அவருக்குப் படம் இன்னும் பிடிக்கும். நட்சத்திரத்தில் கவனம்: வெப் படத்தில் பெரிய நட்சத்திரத்துக்கு ஆறு நீளக் கதிரும் இரண்டு சின்னக் கதிரும் உண்டு. நான்கு கதிர் போட்டால் அது ஹபிள் தொலைநோக்கியின் படம் ஆகிவிடும். பின்பக்கத்தில் நாசா, ஈஎஸ்ஏ, சிஎஸ்ஏ, எஸ்டிஎஸ்சிஐ என்று, படத்தை வெளியிட்ட விண்வெளி நிறுவனங்களின் பெயரை மூலமாக எழுதிவிடுங்கள்.

கல்லடி தூரிகை:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு துண்டில் செய்து பார்த்தேன், விளிம்பு வடிவாக வருகிறது. ஏற்கெனவே கலங்கின இடத்தைச் சுரண்டவா, அண்ணா?

அக்கரைப்பற்று அண்ணன்:
சுரண்ட வேண்டாம், துணி கிழியும். மெல்லிய உப்புத்தாளால் மேடுகளை மட்டும் தேய்த்து, தூசியைத் துடைத்து, மேலே வெள்ளை ஜெஸ்ஸோ (அடிப்பூச்சு) பூசுங்கள். மறுநாள் திரும்ப நீலத்திலிருந்து தொடங்கலாம்.