புதுப்பிப்பு: மகளுக்கு இன்னொரு பெயர் கிடைத்தது

போன வைகாசியில் புலம்பியிருந்தேன்: காரா (மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பு) மூலம் தத்தெடுத்த ஆறு வயது மகளுக்குக் காது கேட்காது, எங்களுக்கோ சைகை தெரியாது என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

முதலில் அப்பத்தா. பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, செட்டிநாட்டுக்குப் புதிதல்ல; ஆனால் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பையனாக இருக்கும். ஆறு மாதம் முணுமுணுத்தார். இப்போது பணியாரக் குழி முன் உட்கார்ந்து, கம்பியால் திருப்புகிற மாதிரி விரலைச் சுழற்றுவார். மகள் ஓடி வருவாள். அது அகராதிச் சைகை இல்லை, அவர்களுக்குள் வைத்துக்கொண்டது.

நாங்கள் டெல்லி இந்திய சைகை மொழி மையத்தின் காணொளி அகராதியில் கற்றோம். 2021 பதிப்பில் பத்தாயிரம் சொற்கள்! தரையை உதைத்து மகளைக் கூப்பிடலாம் என்று சிலர் சொன்னார்கள். மரத்தரையில் அதிரும், எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் எங்கே அதிர்வது? அதனால் வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) லைட்டைப் போட்டு அணைக்கிறோம்.

அப்புறம் காரைக்குடியில் காது கேளாத தையற்கார அக்கா ஒருவர் பழக்கமானார். அவர் வீட்டில் ஞாயிறுதோறும் பத்துப் பேர் கூடுவார்கள். அங்கேதான் மகளுக்குச் சைகைப் பெயர், அதாவது அவளைக் குறிக்கும் தனிச் சைகை, வைத்தார்கள்: கன்னக்குழியில் விரல் நுனி, ஒரு சின்னத் திருகல். காது கேளாதவர்கள்தான் அதை வைக்க வேண்டுமாம். எனக்கு இன்னும் வைக்கவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.