கைப்பயிற்சிக்கு நடுவே மன ஒத்திகை: எப்போது, எவ்வளவு, எங்கே பிசகும்?

கூடைப்பந்துப் பயிற்சியாளர்:

ஒரு அசைவைச் செய்யாமல் மனத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சொன்னால் பலரும் அதை இரவுப் படுக்கைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாதியில் தூக்கம் வந்துவிடும். ஒத்திகைக்குச் சரியான இடம் இரண்டு எறிதல்களுக்கு நடுவேதான், கையில் அந்த உணர்வு ஆறுவதற்குள்.

ஃப்ரீ த்ரோ, அதாவது கோட்டில் நின்று தடையின்றி வளையத்துக்குள் எறிவது, இதற்குத் தோதானது. வளையம் 3.05 மீட்டர் உயரம், கோட்டிலிருந்து பலகை 4.6 மீட்டர், தடுக்க ஆள் கிடையாது. எதுவும் மாறுவதில்லை. முதலில் ஐந்து பந்து எறியுங்கள். கோட்டை விட்டு நகராமல், பந்தைக் கையில் பிடித்தபடி, வழக்கமான மூச்சு, தட்டல், முழங்கால் மடிப்பு எல்லாவற்றோடும் மூன்று முறை மனத்தில் எறியுங்கள். மறுபடி ஐந்து நிஜம். இப்படி நான்கு சுற்று போதும்.

நேரத்தை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். நிஜத்தில் 4 விநாடி பிடிக்கும் எறிதல் மனத்தில் ஒன்றரை விநாடியில் முடிந்தால், நடுவில் எதையோ விழுங்கிவிட்டீர்கள். பெரும்பாலும் அது மணிக்கட்டு மடங்கி விரல்நுனியை விட்டுப் பந்து கிளம்பும் இடம். எறிதல் கெடுவதும் அங்கேதான்.

மனத்தில் எறிந்த பந்தே வளையத்தில் பட்டு வெளியே போகிறதா? அந்தப் படத்தோடு விட்டுவிடாதீர்கள். பந்து கையில் இருந்த கணத்துக்குத் திரும்பி, சரியாக ஓட்டி முடியுங்கள். திரும்பத் திரும்பத் தவறினால் ஒத்திகையை நிறுத்திவிட்டு, வளையத்துக்கு அருகே போய்ப் பத்துப் பந்து போட்டுவிட்டு வாருங்கள்.

பியானோ ஆசிரியர்:

மேலே சொன்ன "விழுங்கிய இடம்" இசையிலும் அப்படியே. நான்கு பார் (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரித்த தாளப் பகுதி) எடுத்து, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து மூன்று முறை வாசியுங்கள். கையை மடியில் வைத்துக்கொண்டு, மெட்ரோனோம் ஓட, அதே நான்கு பாரை மனத்தில் வாசியுங்கள். எந்த விரல் எந்தக் கட்டையில் என்பது மங்கும் இடம் ஒன்று வரும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் நுழைந்து போகும் இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு பாரை மட்டும் கட்டையில் வாசித்துவிட்டுத் திரும்புங்கள்.

மாணவர்கள் அதிகம் ஏமாறுவது ஒன்றில். மெட்டு மட்டும் காதில் ஓடும், விரல் வெறுமையாக இருக்கும். அது முணுமுணுப்பு, ஒத்திகை ஆகாது. மூன்றாவது பாரில், இடக்கை மட்டும் தனியாகத் தொடங்க முடிகிறதா என்று சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

கைப்பயிற்சியை விட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு 1995-இல் நரம்பியல் ஆய்வாளர் பாஸ்குவல்-லியோன் குழு வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். ஐந்து விரல் பயிற்சி, தினம் 2 மணி நேரம், 5 நாள். மனத்தில் மட்டும் பழகியவர்களுக்கும் விரலை இயக்கும் மூளைப் பகுதி விரிந்தது. ஆனால் அவர்கள் ஐந்தாம் நாளில் எட்டியது, கையால் பழகியவர்களின் மூன்றாம் நாள் தரம். பிறகு ஒரே ஒரு 2 மணி நேரக் கைப்பயிற்சியில் அந்த இடைவெளியை நிரப்பிவிட்டார்கள். கட்டையைத் தொடாமல் அந்தக் கடைசித் தூரம் கடக்காது.

பிசியோதெரபிஸ்ட்:

கட்டுப் போட்டு அசைக்க முடியாத கைக்கும் மன ஒத்திகை உதவும். 1992-இல் யூ, கோல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் செய்த ஆய்வில், சுண்டுவிரலை விரிப்பதை 4 வாரம் கற்பனை மட்டும் செய்தவர்களின் வலு 22% கூடியது. நிஜமாக அழுத்திப் பழகியவர்களுக்கு 30%. இது நரம்புகள் தசையை ஏவும் விதத்தில் வரும் முன்னேற்றம். தசை பருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்களை நீங்களே வெளியில் நின்று பார்ப்பது போன்ற படம் தோரணையைச் சரிபார்க்க உதவும். வலுவுக்கும் உணர்வுக்கும் உள்ளிருந்தே செய்ய வேண்டும்: தசை இறுகுவது, மூட்டு திரும்புவது. ஒரே மூச்சில் 20 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். படம் மங்கினால் அதற்கு முன்பே நிறுத்துங்கள். படமே வராதவர்கள் அசைவுகளின் வரிசையைச் சொல்லாகச் சொல்லிக்கொண்டு, உடலின் உணர்வை மட்டும் தேடலாம்.

நீச்சல் பயிற்சியாளர்:

தவறும் படத்தோடு விட்டுவிடாதீர்கள் என்று கூடைப்பந்துப் பயிற்சியாளர் சொன்னதற்கு ஒரு திருத்தம். தவறை ஓட்டுவது வேறு, தடங்கலுக்கான பதிலை ஓட்டுவது வேறு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை நீச்சலில் அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து பார்வை மறைந்தது. கைவீச்சுகளை எண்ணியே சுவரை அடைந்தார், 1:52.03, உலக சாதனை. எண்ணிக்கை உடம்பில் ஊறியிருந்தால்தான் அது நடக்கும்.

உங்களுக்கும் இது முடியும்: ஒரு நீளத்துக்கு எத்தனை வீச்சு என்று பத்து நீளம் எண்ணி எழுதுங்கள். பிறகு கரையில் நின்று, கண்ணாடியில் தண்ணீர் ஏறுவதிலிருந்து சுவரைத் தொடுவது வரை அந்த எண்ணிக்கையோடு மனத்தில் நீந்துங்கள். களைத்த கடைசி நீளத்தில் ஒன்றிரண்டு வீச்சு கூடும். அதையும் தனியாக எண்ணி வையுங்கள்.