'வைல்ட்' எழுதியவரை எனக்குப் பிடிக்கவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

அமெரிக்க எழுத்தாளர் செரில் ஸ்ட்ரெய்ட் தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'வைல்ட்' நூலை எனக்குக் கொடுத்தவர் அம்மாவின் தோழி. அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "படித்துப் பார், ஆறுதலாக இருக்கும்" என்றார். நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் நூலாசிரியர் மீது வந்த கோபம் இன்றுவரை தீரவில்லை.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1991-இல் அவருடைய தாய் நுரையீரல் புற்றுநோயில் இறக்கிறார். வயது 45. நோய் தெரிந்த ஏழே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மகளுக்கு அப்போது 22 வயது. குடும்பம் சிதறுகிறது, மணவாழ்க்கை முறிகிறது, ஹெராயின் பழக்கம் வருகிறது. 1995 கோடையில், அமெரிக்காவின் மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை மலைகளூடே செல்லும் பசிபிக் கிரெஸ்ட் பாதையில் 1,100 மைல் தனியாக நடக்கிறார். 2012-இல் நூல், 2014-இல் திரைப்படம்.

போதைப் பழக்கத்துக்காகவோ மணமுறிவுக்காகவோ நான் அவரை வெறுக்கவில்லை. தன் குறைகளைத் தானே எடுத்து வைத்தவரை அவற்றுக்காகவே திட்டுவது அற்பத்தனம். என் கோபம் அந்த முதுகுப்பையில் தொடங்குகிறது. புறப்படும் நாள்வரை அதைச் சுமந்து ஒருமுறைகூட நடந்து பார்க்கவில்லை. விடுதி அறையில் தரையிலிருந்து தூக்கவே முடியவில்லை. அடுப்புக்குத் தவறான எரிபொருளை ஊற்றிவிட்டு, நாள் கணக்கில் ஆறிய உணவைத் தின்கிறார். பூட்ஸ் காலுக்குச் சிறியது. கால் நகங்கள் கழன்று விழுகின்றன. ஒரு மாதம் பயிற்சி எடுத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நேர்ந்தே இருக்காது. இதைத்தான் வாசகர்கள் துணிச்சல் என்று கொண்டாடுகிறார்கள். பதினோரு வாரம் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு, துன்பத்தைத் தேடிப்போய் வாங்கிக்கொண்ட ஒருவரைப் போற்ற மனம் வரவில்லை.

அந்த நூலோடு, அல்லது அதைப் படித்துவிட்டு நடக்கக் கிளம்பியவர்களோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

*

சகோதரி, கலிஃபோர்னியாவில் அந்தப் பாதையின் சில பகுதிகளை நான் பலமுறை நடந்திருக்கிறேன். உங்கள் கோபம் எனக்கும் இருந்தது. இன்னும் கடுமையாகவே இருந்தது. காரணம் தண்ணீர். வாக்கர் கணவாய்க்குத் தெற்கே நீண்ட வறண்ட பகுதி ஒன்று வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆறு லிட்டர் சுமந்தால் முதல் நாள் முழுவதும் தோள் அறுந்துவிடுவதுபோல் வலிக்கும், ஆனாலும் சுமந்தாக வேண்டும். நூல் வந்த பிறகு, இரண்டு லிட்டரோடு வந்து நின்றவர்களை அங்கே பார்த்தேன். என் பங்கிலிருந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கொடுக்கும்போதெல்லாம் அந்த எழுத்தாளரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது மெக்சிகோ எல்லையில் தொடங்கும் நெடும்பயணிகளுக்கு ஒரு நாளைக்கு 50 பேர் என்ற வரம்பு இருக்கிறது. அனுமதி கிடைத்தவர் எல்லோரும் தயாராக வருகிறார்கள் என்பதில்லை.

ஒரு வருடம், யோஷுவா மர நிழலில் ஓர் இளம்பெண் பையை முழுவதும் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். இன்னொருத்தி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம், ஐந்தரை லிட்டர் இருக்கிறது. எலி எதையாவது கடித்ததா என்று பார்க்கிறேன்" என்றார். அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள். 'வைல்ட்' படித்தபோது அந்த எழுத்தாளர் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்துக்கொண்டாராம். பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். அடுப்பை வீட்டிலேயே பத்து முறை பற்றவைத்துப் பார்க்க வேண்டும். வழியிலுள்ள தொட்டியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பக் கூடாது. இருபதுக்கு மேல் இருந்தன. "இவ்வளவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறாரே" என்றார் அந்தப் பெண்.

அந்தக் கோணத்தில் நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. வீரம் பேசும் பயணநூல்கள் என் அலமாரியில் நிறைய இருக்கின்றன. இப்படிப் பட்டியல் போடுமளவுக்குத் தன் தவறுகளை ஒப்புக்கொண்ட நூல் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

*

இன்னொரு குற்றச்சாட்டும் சொல்கிறார்கள். மொத்தப் பாதை 2,650 மைல். அவர் பாதிகூட நடக்கவில்லை. சியரா நெவாடா மலைப்பகுதியில் பெரும்பகுதியை நடக்காமலே விட்டுவிட்டார் என்று. என் நடைக்குழுவில் இதை வைத்து ஒருவர் அவரைக் கேலி செய்தபோது நான் சண்டை போட்டேன். 1995-இல் அங்கே பனி கடுமை. பனியில் நடக்கத் தெரியாதவர் இறங்கி, ரீனோவுக்குப் பஸ் ஏறி, சியரா சிட்டியிலிருந்து மறுபடியும் நடந்தார். அந்தப் பயணம் முழுவதிலும் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான். அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்களோடு மலைக்குப் போக எனக்குப் பயம்.

*

நான் கால்நடை மருத்துவர். எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது குதிரையால். தாய் வளர்த்த குதிரை முதுமையிலும் நோயிலும் தவிக்கிறது. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லை. தம்பி துப்பாக்கியால் சுடுகிறார், அது உடனே சாகவில்லை. அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு நூலை மூடினேன், மறுபடி திறக்கவில்லை. ஆனால் கையில் பணமில்லாமல், எல்லாம் முற்றிய பிறகு விலங்கைக் கொண்டுவருபவர்கள் என்னிடமும் வருகிறார்கள். முன்பு "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று முதலில் கேட்பேன். இப்போது கேட்பதில்லை. அந்த நூலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா என்றால், இருக்கிறது.

*

எல்லோருக்கும் நன்றி. மடித்த தாளைப் பற்றிப் படித்த பிறகு, நேற்றிரவு முதல் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். முதல்முறை வேகமாகத் தாண்டிப்போன ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். தாயின் உயிர் பிரிந்தபோது அவர் அருகில் இல்லை. தம்பியைத் தேடி அழைத்துவரப் போயிருந்தார். இருவரும் வந்து சேர்ந்தபோது ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தது.

பதினோரு வாரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்று மேலே எழுதினேன். அது உண்மைதான். கடைசி நாள் காலையில், "தூங்குகிறார், நீங்கள் குளித்துவிட்டு வாருங்கள்" என்று செவிலியர் சொன்னார், போனேன். திரும்பி வந்தபோது படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செரில் ஸ்ட்ரெய்ட் அதை முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுதி வைத்திருக்கிறார்.

பையைப் பற்றி எழுதியதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது பொறுப்பற்ற செயல்தான். ஆனால் என் கோபத்தில் அந்தப் பைக்கு எவ்வளவு, இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இப்போது எனக்குத் தெரியவில்லை. நூலைக் கொடுத்த அம்மாவின் தோழியிடம் "பிடிக்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். அந்தக் காலையைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும்.