மேலத்தெரு வீட்டுக் குழு: குட்டிக்குக் கால் வலி

வெள்ளிக்கிழமை

நான், இரவு 7.38
சித்தி, ட்யூட்டியிலா இருக்கிறீர்கள்? குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து வலது காலை ஊன்ற மாட்டேன் என்கிறான். பார்த்தால் வீக்கம் ஒன்றும் இல்லை, கீழே விழவும் இல்லையாம். முட்டிக்குள்ளே எறும்பு ஓடுது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான்

அம்மா, இரவு 7.40
ஓடி விளையாடியிருப்பான். நல்லெண்ணெயைச் சூடு பண்ணி நல்லா நீவி விட்டு வெந்நீர் ஒத்தடம் கொடு

மாமா, இரவு 7.41
காய்ச்சலுக்கு வாங்கின புரூஃபன் சிரப் இருந்தால் அஞ்சு மில்லி கொடு, தூங்கிடுவான். காலையில் பார்த்துக்கலாம்

சித்தி, இரவு 7.46
யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். எண்ணெய் வேண்டாம், நீவ வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். அண்ணே, புரூஃபன் கூடவே கூடாது, ஆஸ்பிரினும் அப்படித்தான். அவனுக்கு ஹீமோஃபிலியா, இரத்தத்தை உறைய வைக்கும் ஃபாக்டர் எட்டு என்ற பொருள் இல்லை, ஆனால் இரத்தக்கசிவை அடைக்கும் தட்டணுக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன, அந்த மருந்துகள் அதையும் கெடுத்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்

சித்தி, இரவு 7.47
எறும்பு ஓடுது என்று அவனாகவே சொன்னானா, இல்லை நீ கேட்டதற்குச் சொன்னானா?

நான், இரவு 7.48
அவனாகவே சொன்னான் சித்தி. இரண்டு தடவை

சித்தி, இரவு 7.52
அப்படியானால் மூட்டுக்குள் இரத்தம் கசிய ஆரம்பித்துவிட்டது. வீங்கிய பிறகு நாம் கண்டுபிடிப்பது பெரிய விஷயம் இல்லை, அது யார் கண்ணுக்கும் தெரியும். அதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு கூச்சம், குறுகுறுப்பு, லேசான சூடு தெரியும், எங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவன் முட்டிக்குள் சோடா பொங்குது என்பான், இன்னொருவன் கால் கோபமா இருக்கு என்பான். அவன் சொல்லும்போதே நம்பி ஃபாக்டர் போட்டால் ஒரு ஊசியோடு முடிந்துவிடும். வீங்கட்டும் பார்க்கலாம் என்று இருந்தால் நாலைந்து ஊசி, ஒரு வாரம் படுக்கை, அப்புறம் அதே முட்டியில் திரும்பத் திரும்ப வரும்

நான், இரவு 7.53
பெரியாஸ்பத்திரிக்கு இப்போது பஸ் பிடித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அவர் சேலத்தில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறார். போன மாதம் கொடுத்த ஒரு ஃபாக்டர் குப்பி வீட்டில் இருக்கிறது

சித்தி, இரவு 7.54
ஃபிரிட்ஜில் எங்கே வைத்திருக்கிறாய்?

நான், இரவு 7.54
நடுத்தட்டில், டப்பாவில். நீங்கள் சொன்ன மாதிரி ஃப்ரீசர் பக்கமும் கதவிலும் வைக்கவில்லை

சித்தி, இரவு 7.55
நல்ல பிள்ளை. எத்தனை யூனிட்? அவன் எடை எவ்வளவு?

நான், இரவு 7.56
500 யூனிட். எடை 16 கிலோ. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டிலும் மூட்டில் வந்தால் 500 என்றுதான் இருக்கிறது

சித்தி, இரவு 7.59
சரியாக இருக்கிறது. கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் எட்டாம் ஃபாக்டர் இரண்டு சதவீதம் ஏறும், அவனுக்கு 60 சதவீதத்துக்கு மேல் போகும், முட்டிக்கு அது போதும். இதைவிடக் கணக்கு ஒன்றும் இல்லை. குப்பியில் மிச்சம் வைக்காதே. மருந்துக் குப்பி, கரைக்கும் தண்ணீர்க் குப்பி இரண்டையும் வெளியே எடுத்து மேஜையில் வை, குளிர் போகட்டும், நீ போய்க் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவு

நான், இரவு 8.01
சித்தி நான் தனியாகப் போட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் அக்கா பக்கத்திலேயே நின்றார்கள். கை நடுங்குகிறது

சித்தி, இரவு 8.05
எத்தனை தடவை போட்டாய் அங்கே? ஆறு என்று சொன்னாய். ஆறு தடவையும் யார் கை போட்டது? அந்தப் பெண் பக்கத்தில் நின்றதே நீ ஒருநாள் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான். 28 வருடமாக நர்ஸ் வேலையில் இருக்கிறேன், ஊசி போடுவது எங்கள் வேலையில் சின்னப் பகுதி. அம்மா கைக்கு அதைப் பழக்கிக் கொடுப்பதுதான் பெரிய பகுதி

சித்தி, இரவு 8.07
கரைக்கும்போது குலுக்காதே, நுரை வந்தால் மருந்து கெடும், உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாகச் சுழற்று. தண்ணீர் மாதிரி தெளிந்தால் ஃபில்டர் ஊசி வழியாக எடு. அவனுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கொடு, கையை வெதுவெதுப்பான துணியில் சுற்றி வை, நரம்பு மேலே வரும். எந்தக் கை என்று அவனையே கேள், அந்த ஒரு முடிவு அவனுடையதாக இருக்கட்டும். இரண்டு தடவை குத்தியும் கிடைக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஆட்டோவைக் கூப்பிடு, மூன்றாவது குத்து வேண்டாம். தயாரானதும் வீடியோவில் வா

மாமா, இரவு 8.08
ஆட்டோக்காரப் பையனிடம் சொல்லி வைத்துவிட்டேன், வாசலில் நிற்பான். புரூஃபன் சொன்னதற்கு மன்னித்துக்கொள் தாயி, எனக்குத் தெரியாது

அம்மா, இரவு 8.10
நான் சாமி விளக்கு ஏற்றிவிட்டேன்

நான், இரவு 8.52
போட்டுவிட்டேன். இரண்டாவது குத்தில் கிடைத்தது. இடது கை. அஞ்சு நிமிடம் மெதுவாகத் தள்ளினேன்

நான், இரவு 8.53
அழவில்லை. நான்தான் அழுதேன்

சித்தி, இரவு 8.55
நான் பார்த்தேனே, மருந்து முழுசும் உள்ளே போன பிறகுதான் அழுதாய். குத்தின இடத்தை அஞ்சு நிமிடமாவது அழுத்திப் பிடித்தாயா? பிளாஸ்திரியை அவனையே ஒட்டச் சொல். துணியில் சுற்றி ஐஸ் பத்து நிமிடம், தலையணை மேல் கால், இன்றைக்கு நடை வேண்டாம், கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போ. உடம்பில் தடிப்பு, மூச்சு இரைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரி, யாரையும் கேட்க வேண்டாம். குப்பியின் ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டி நேரத்தை எழுது. ஊசியைக் குப்பைக்கூடையில் போடாதே, கெட்டியான டப்பாவில் போட்டு வார்டில் திருப்பிக் கொடு

நான், இரவு 9.20
முன்பு ஒரு கிளினிக்கில் காய்ச்சலுக்கு என்று இடுப்பில் ஊசி போட்டார்களே, நான் ஹீமோஃபிலியா என்று சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை, பத்து நாள் கருத்துப் போய் உட்கார முடியாமல் கிடந்தான். அன்றைக்கு நானே அவர்கள் கையைப் பிடித்துத் தடுத்திருக்க வேண்டும்

சித்தி, இரவு 9.26
இனிமேல் தடு. தசையில் ஊசி கூடாது என்று ஒரு அட்டையில் எழுதி அவன் பையில் ஒன்று, உன் பர்ஸில் ஒன்று, பள்ளியில் ஒன்று வை. தடுப்பூசி மட்டும் விடக்கூடாது, அதை மெல்லிய ஊசியில் தோலுக்கடியில் போடலாம், போட்ட பிறகு பத்து நிமிடம் அழுத்த வேண்டும். அட்டையில் இன்னொன்றும் எழுது: தலையில் அடிபட்டால் முதலில் ஃபாக்டர், அப்புறம்தான் ஸ்கேன். ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் பிள்ளையை இழந்துவிடக் கூடாது

சனிக்கிழமை

நான், காலை 6.50
எறும்பு போய்விட்டதாம். முட்டி இரண்டும் ஒரே அளவாக இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன். நடக்கிறேன் என்று அடம்

சித்தி, காலை 7.05
அடம் பிடித்தால் நல்ல சேதி. ஆனால் போட்டதில் பாதி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். காலையிலேயே வார்டுக்குக் கூட்டிப் போ, இன்னொரு டோஸ் வேண்டுமா என்று அவர்கள் பார்க்கட்டும். பிசியோகாரரையும் பார்த்துவிட்டு வா

மாமா, காலை 8.30
வேலூரில் ஹீமோஃபிலியாவைக் குணமாக்கும் மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, நம் பிள்ளைக்குக் கிடைக்காதா? எவ்வளவு ஆனாலும் நிலத்தை வைத்துப் பார்க்கலாம்

சித்தி, காலை 8.41
செய்தி உண்மைதான் அண்ணே, சி.எம்.சி.யில் செய்தார்கள், 2024 டிசம்பரில் மருத்துவ இதழில் வந்தது. ஐந்து பேருக்கு, ஐந்து பேரும் பெரியவர்கள், அவரவர் இரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்லில் மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள், அவர்களுக்கு இரத்தக்கசிவு நின்றது. சந்தோஷமான விஷயம், ஆனால் ஆராய்ச்சி, அஞ்சு வயதுப் பிள்ளைக்கு இல்லை. நிலம் இருக்கட்டும். இரத்தக்கசிவு வராமல் தடுக்க வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற மருந்தைப் பற்றி இவர்கள் டாக்டரிடம் கேட்கலாம், நரம்பு தேட வேண்டாம் என்பதே இந்த வயதுக்குப் பெரிய நிம்மதி. அது வந்தாலும் அடிபட்டால் ஃபாக்டர் வேண்டும், அதனால் இவள் நேற்றுக் கற்றது வீணாகாது

அம்மா, காலை 9.15
ஒன்று கேட்கணும். எங்கள் அண்ணனுக்கும் இதுதானா?

மாமா, காலை 9.16
அதை இப்போது எதற்குக் கிளறுகிறாய்

அம்மா, காலை 9.22
கேட்கட்டும் இந்தப் பிள்ளைகள். 1974. அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. ஆடுகிற பல்லை நூல் கட்டி இழுத்தார்கள். மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை. எங்கள் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து வைத்துப் பார்த்தாள். செய்வினை என்று சொன்னார்கள், தெருவே சொன்னது. அம்மா சாகிற வரைக்கும் யார் வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்

சித்தி, காலை 9.40
இதுதான் அக்கா. நான் அப்போது கைக்குழந்தை, நர்சிங் இரண்டாம் வருடத்தில் இந்தப் பாடம் வந்த அன்று வகுப்பிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், யாரும் எதுவும் வைக்கவில்லை அம்மா, இரத்தத்தில் ஒரு பொருள் குறைவு என்று. நம்பினாளா தெரியவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பிரிவுக்குத்தான் போவேன் என்று நான் கேட்டு வாங்கியது அதனால்தான்

நான், காலை 9.48
அப்படியானால் என்னிடமிருந்துதானே அவனுக்கு வந்தது? என் மாமியார் சொல்வது சரிதானே?

சித்தி, காலை 9.58
உன் வழியாக வந்தது, உன்னால் வரவில்லை. உன் பாட்டியிடமிருந்து உன் அம்மாவுக்கு, உன் அம்மாவிடமிருந்து உனக்கு. ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, நீ தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. இந்த நோயோடு பிறக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் இதற்கு முன் யாருக்குமே இருந்ததில்லை, அவர்கள் மாமியார் யாரைச் சொல்லுவார்? அடுத்த முறை நான் வரும்போது அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன், சண்டைக்கு இல்லை, படம் வரைந்து காட்டுவேன்

அக்கா, காலை 10.10
சித்தி, அப்போது என் மகள்? அவளுக்கு மாதாமாதம் ஒன்பது பத்து நாள் போகிறது, இரவில் துணியெல்லாம் நனைந்துவிடுகிறது. வயதுக்கு வந்த புதிது, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்

சித்தி, காலை 10.18
ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை? ஏழு நாளுக்கு மேல் போனால் அது சாதாரணம் இல்லை. உனக்கு அந்த மரபணு இருந்தால் அவளுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு, அப்படிப்பட்ட பெண்களில் சிலருக்கு ஃபாக்டர் அளவு பாதிக்கும் கீழே இருக்கும். ஆண்பிள்ளை நோய் என்று சொல்லிச் சொல்லியே பெண்களை யாரும் சோதிப்பதில்லை, எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு. அவளுக்கும் உனக்கும் ஃபாக்டர் எட்டு, இரத்தம் உறைய உதவும் இன்னொரு பொருளான வான் வில்லிபிராண்ட் இரண்டும், கூடவே ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல். இந்த வாரமே

அக்கா, காலை 10.19
திங்கள்கிழமை போகிறேன்

நான், பகல் 1.30
வார்டில் இன்னொரு டோஸ் போட்டார்கள். அந்த நர்ஸ் அக்கா என் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு வார்டில் எல்லோருக்கும் காட்டினார்கள். இரண்டு குப்பியும் கொடுத்தனுப்பினார்கள், பணம் ஒன்றும் இல்லை. பிசியோகாரர் நீச்சல் பழக்கச் சொன்னார், கபடி மட்டும் வேண்டாமாம்

நான், பகல் 1.32
சித்தி, இன்னொன்று. அங்கே வாயைப் பார்த்தார்கள். கீழே முன்பல் ஆடுகிறது

அம்மா, பகல் 1.33
யாரும் தொடாதீர்கள். நூல் எதுவும் கட்டாதீர்கள்

சித்தி, பகல் 1.40
அக்கா, பயப்படாதே. பால்பல் தானாக விழும்போது பெரும்பாலும் கொஞ்சம்தான் கசியும். யாரும் ஆட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷில் பல் தேய்க்கட்டும், ஈறு வீங்கியிருந்தால்தான் அதிகம் கசியும். விழுந்தால் சுத்தமான துணியை மடித்துப் பத்து நிமிடம் கடிக்கச் சொல், அன்றைக்குச் சூடாக எதுவும் வேண்டாம், தயிர்சாதம் ஆறவைத்துக் கொடு, ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். இரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சமிக் மாத்திரை எவ்வளவு என்று டாக்டரிடம் இன்றே எழுதி வாங்கி வீட்டில் வை. அரை மணி நேரத்துக்கு மேல் கசிந்தால் எனக்குப் போன் செய், நடுராத்திரியானாலும் சரி

நான், பகல் 1.44
வாங்கிவிட்டேன் சித்தி, சீட்டு கையில் இருக்கிறது. விழுந்த பல்லைக் கூரையில் போடணும், தூக்கிப் பிடிக்க ஆச்சி வரணும் என்கிறான்

அம்மா, பகல் 1.45
அடுத்த பஸ்ஸுக்கே வருகிறேன் என்று சொல்லு